கலையரங்கும் வாயிற்காசும்

இசை, கூத்து, விளையாட்டு ஆகிய மூன்றும் நேரிற் கண்டும் கேட்டும் இன்புறற்குரியன. இவற்றை வீட்டிற்கே கொணரும் கருவிகள் கைதோறும் மலிந்துள்ள இந்நாளிலும், பாடுவோர் முகம் நோக்கி இருந்து கேட்கும் இன்பம் தனிச்சிறப்புடையதே. ஆயின் அவ்வின்பத்தின் வாயிலில் காசு கேட்கப்படுகின்றது. அக்காசு இல்லாதார் யாது செய்வர்? முன்னாளில் அக்காசை யார் செலுத்தினர்? இவ்விரு வினாக்களையும் நம் தஞ்சை நாட்டை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நெல்லே வாயிற்காசு

காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் இந்திரவிழா நிகழ்ந்ததை இரட்டைக் காப்பியங்கள் இரண்டும் விரித்துரைக்கின்றன. மணிமேகலையின் முதற்காதையே விழாவறை காதையாகும். யானையின் பிடரியில் முரசேற்றி, இருபத்தெட்டு நாள் விழா நிகழவிருப்பதை நகர்க்கு அறிவித்த செய்தியை அதன்கட் காண்கின்றோம். ஆண்டு, விழாக் காண்பார் வாயிலிற் பொருள் செலுத்தியதாகக் குறிப்பில்லை. அங்ஙனமாயின் ஆடினோரும் பாடினோரும் எதனால் உயிர் வாழ்ந்தனர்?

இதற்குத் தெளிந்த விடை தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் உள்ளது. 1010 இல் நிறைவெய்திய அக்கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் மனையும் ஒரு பங்கும் அளித்தான். ஒரு பங்காவது, ஒரு வேலி நிலத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் நூறு கல நெல்லாகும். எனவே இந்நானூற்றுவர்க்கு மட்டும் ஆண்டொன்றுக்கு நாற்பதினாயிரங் கலம் நெல் அளக்கப்பட்டது. நட்டுவர்க்கும் பாடுவோர்க்கும் கருவி இசைப்போர்க்கும் வேறு பங்குகள் இருந்தன. பின்னர் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்கென ஒரு சாந்திக்கூத்தனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு நூற்றிருபது கலம் வகுக்கப்பட்டது.

இவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. காண்பார்க்குச் செலவில்லாமை வேறு. செலவே இல்லாமை வேறு. அன்று வாயிலிற் காசு வாங்கப்படவில்லை; களத்து மேட்டில் நெல்லாக வாங்கப்பட்டது. சேற்றில் இறங்கி நாற்று நட்டவளும், கதிரறுத்துக் கட்டுச் சுமந்தவனும் அந்நாடகத்திற்கு முன்னரே பொருள் செலுத்தியவர் ஆவர்.

2. காசில்லா வாயில் யாவர்க்கும் திறந்திருந்ததோ?

இவ்விடத்துப் பழமையை வியந்து அமைதல் பொருந்தாது. நெல் விளைத்தோருள் ஒரு பெரும் பகுதியினர் பன்னூறாண்டுகளாகக் கோயில் வாயிலின் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தனர். 1939 இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் பிறந்த காலத்தை ஒட்டியே அக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கலாயின. பொருள் கொடுத்தோரே உட்புகப் பெறாத நிலையை யாதென்பது? காசு கேளாத வாயிலும் சாதி கேட்குமாயின் அஃது எளியோர்க்கு மூடிய வாயிலே.

திருவையாற்றின் வரலாறும் இதனையே காட்டும். தியாகராசர் (1767-1847) நினைவாக ஆண்டுதோறும் நிகழும் ஆராதனையில் தொடக்க நாளிற் பெண்டிர் பாட இடம் பெற்றிலர். பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு 1920களில் அவர் சமாதிக்குக் கோயில் எடுத்தார். தம்மைப் போன்ற பெண்டிரைத் திரட்டித் தனியே பாடவும் செய்தார். பிரிந்து கிடந்த கட்சிகள் 1940களின் தொடக்கத்தில் ஒன்றுபட்டன. இன்று பஞ்சரத்தினக் கிருதிகளை ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அமர்ந்து பாடுகின்றனர். கேட்போர் காசின்றிக் காவிரிக் கரையில் அமர்ந்து கேட்கின்றனர். இவ்வுரிமை தானே வந்ததன்று, போராடிப் பெற்றதாகும்.

3. சீட்டு வந்த வரலாறு

அரசரும் மிராசுதாரரும் அருகிய காலத்தில் கலைஞர் நகரத்தை நாடினர். சென்னையில் 1900 இல் பார்த்தசாரதி சுவாமி சபையும், 1928 இல் மியூசிக் அகாடமியும், 1943 இல் தமிழிசைச் சங்கமும் தோன்றின. சபைகள் சந்தாவாலும் சீட்டாலும் நடைபெற்றன. சீட்டு முறையை வெறுத்தல் வேண்டா. ஒரு புரவலனின் விருப்பத்திற்கு ஆட்பட்டிருந்த பாடகனைப் பலருடைய சிறு தொகைகள் விடுவித்தன. மேலும் சீட்டு, கொணர்ந்தவன் குலத்தை வினவுவதில்லை.

அச்சீட்டிலும் எளியோர்க்கு இடமுண்டு என்பதை நம் ஊர் நாடகக் கொட்டகைகளும், பின்வந்த டூரிங் டாக்கீசுகளும் நன்கறிந்திருந்தன. தரை, பெஞ்சு, நாற்காலி என வகுத்து, மணலில் அமர்வோர்க்குச் சிறு தொகையே கொண்டனர். தரையில் இருந்தோரே பெருங்கூட்டம். அவர் கைதட்டலே கொட்டகையை வாழ்வித்தது.

பிறநாட்டாரும் இவ்வழி கண்டனர். கி. மு. 4ஆம் நூற்றாண்டின் ஏதென்சு நகரில், வறியோரும் நாடகம் காணுமாறு அரசின் பொதுப்பொருளிலிருந்து வாயிற்காசு வழங்கப்பட்டது. 1599 இல் இலண்டனில் எழுந்த குளோப் அரங்கில் முற்றத்தில் நின்று காண்பார்க்கு ஒரு பென்னியே கட்டணம். அந்நகரிலேயே 1895 இல் தொடங்கிய பிராமனேடு இசையரங்குகளில் நிற்போர்க்கு ஒரு ஷில்லிங்கு கொள்ளப்பட்டது. நின்று கேட்போர்க்கு மலிவாக இடந்தரும் அவ்வழக்கம் இன்றும் உள்ளது. நம் நகரில் 1912 முதல் இசை மாநாடுகளைத் தம் பொருள் கொண்டே நடத்திய ஆபிரகாம் பண்டிதரை இவ்விடத்து நினையாதிருத்தல் நன்றியன்று.

4. நகரில் எளியோர்க்குரிய வழிகள்

சென்ற மார்கழியில் நண்பர் இருவருடன் யான் சென்னை சென்றிருந்தேன். மாலைக் கச்சேரி ஒன்றிற்கு நான்கு மணிக்கே போய் நின்றோம். குறைந்த விலைச் சீட்டுகள் முன்னரே தீர்ந்துவிட்டன. வாயிலில் நின்ற ஒருவன் மும்மடங்கு விலைக்குச் சீட்டுத் தருவதாகக் கூறினான். எங்கள் மூவரிடமும் இருந்ததைக் கூட்டினால் ஒருவர் மட்டும் உட்செல்லலாம். பின்பு ஊர் திரும்பப் பேருந்துக்குப் பணம் இராது. சுவர்ப்புறத்தே சிறிது நின்று, மிருதங்க ஒலி மட்டும் கேட்டு மீண்டோம். மறுநாள் நண்பகலில் மற்றொரு சபையில் எம் வயதினளாகிய ஒரு நங்கை வீணை வாசித்தாள். வாயிலில் எவரும் எதுவும் கேட்டிலர். கேட்டோர் முப்பதின்மர்க்கு மேலிலர். எங்களுக்கு முதல் வரிசையிலேயே இடம் கிடைத்தது. விரல் தந்தியை அழுத்தி இழுக்கும் நுட்பத்தை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

அப்பட்டறிவால் யாம் கற்றவற்றை மாணவர் பொருட்டு ஈண்டுத் தொகுத்துரைப்பேன்.

முதலாவது: சென்னைச் சபைகள் பலவற்றில் மார்கழிப் பருவத்துக் காலை, நண்பகல் அரங்குகள் கட்டணமில்லாதன, இளங்கலைஞர் பாடுவது அப்பொழுதேயாம். மாலையிற் புகழ்பெற்றோர்க்கே கட்டணம் மிகும். ஆதலின் நிகழ்ச்சி நிரலை முன்னரே பெற்று, நண்பகலை நோக்கிச் செல்க.

இரண்டாவது: மாலை அரங்கு வேண்டுவோர் மேன்மாடத்து இருக்கையையும் கடைவரிசையையும் நாடுக. இசைக்குச் செவியே வேண்டும். முகம் சிறிது தொலைவில் இருப்பினும் இழப்பு சிறிதே. மாணவர்க்குச் சலுகை உண்டோ எனச் சபையாரை நாணாது வினவுக.

மூன்றாவது: சீட்டைச் சபையாரிடமோ அவர் அறிவித்த இடத்திலோ மட்டுமே பெறுக. வாயிலில் விற்போன் தருவது போலியாகவும் இருக்கக்கூடும். இணையவழிப் பெறுமிடத்துச் சேவைக் கட்டணம் எவ்வளவு கூடுகின்றதென்று இறுதித் தொகையை நோக்கிய பின்னரே பணம் செலுத்துக.

நான்காவது: வரியையும் அறிக. இசை, நடன, நாடக அரங்குகளில் ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாத சீட்டுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. ஐ. பி. எல். கிரிக்கெட்டுச் சீட்டுக்கோ 2025 செப்டம்பர் முதல் நூற்றுக்கு நாற்பது வரி. விளையாட்டில் விருப்புடையோர் இரஞ்சிக் கோப்பை ஆட்டங்களை நினைவு கூர்க. 1934 இல் அப்போட்டியின் முதல் ஆட்டம் நிகழ்ந்ததே சேப்பாக்கத்தில்தான். பெருங்கூட்டம் கூடாத அவ்வாட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை. நாளை பெருவீரராவாரை இன்றே அருகிருந்து காணலாம்.

ஐந்தாவது: சீட்டின் விலை செலவில் ஒரு பகுதியே. வழிச்செலவும் உணவும் தங்குமிடமும் அதனினும் மிகுதல் உண்டு. கூட்டாகச் சென்று, உறவினர் இல்லத்தில் தங்கி, ஒரே நாளில் இரண்டு மூன்று அரங்குகளைக் கேட்டு மீளுதல் சிக்கனமாம்.

5. நம் வயல்நாட்டு விழாக்கள்

இனி, சென்னைக்குச் செல்ல இயலாதார் வருந்தல் வேண்டா. நம் நாட்டில் நெல்லுக்குப் பட்டம் இருத்தல் போலக் கலைக்கும் பட்டம் உண்டு. சம்பா அறுவடை தொடங்கும் தையை ஒட்டித் திருவையாற்று ஆராதனை வரும். மாசிச் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நிகழும். தில்லையில் அது 1981 இல் தொடங்கியது. கோடையில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளம் விடியவிடிய ஆடப்படும். பெண் வேடமும் ஆடவரே புனைவர். ஐப்பசிச் சதயத்தில் பெரிய கோயிலில் இராசராசனுக்கு விழா. இவற்றுக்கெல்லாம் நகரப் பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் உண்டாயின் போதும்.

சென்னையிலிருந்து மீண்டு, நிகழ்ந்ததை என் அப்பாயியிடம் கூறினேன். பிறர் வயலில் நாற்பதாண்டு நடவு நட்டவர் அவர். "தம்பி, சும்மா கேக்குறோம்னு நினைக்காதே, யாரோ குடுத்திருக்காங்க" என்றார். கல்வெட்டு முழுதும் கற்றும் யான் எய்தாத தெளிவை அவர் ஒரு வாய்மொழியில் உரைத்துவிட்டார்.

ஆதலின் காசின்றி உட்புகும் மாணவனுக்கும் ஒரு கடன் உண்டு. முன்னர்ச் சென்று அமர்தலும், பாட்டு முடியுமுன் எழாதிருத்தலும், கைப்பேசியை அடக்குதலும், இளங்கலைஞரைச் சென்று பாராட்டுதலும் அவன் செலுத்தும் வாயிற்காசாம். பின்னாளிற் பொருளீட்டும் நிலை எய்துவானாயின், தனக்கொரு சீட்டும் தன்போல் வறியான் ஒருவனுக்கொரு சீட்டும் வாங்குவானாக. அரசன் அளந்த நெல் நின்றது; மிராசுதாரர் கொடையும் நின்றது. இனி அளக்க வேண்டியவர் நாமே.