பிள்ளையின் படத்துக்கு ஒப்புதல் கேட்டால்

ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஒரு கட்டுப் படிவம் வீட்டுக்கு வரும். வேன் கட்டணம், ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதி எழுதிக் கை வலித்த பிறகு, கடைசிப் பக்கமாக வருவது புகைப்பட ஒப்புதல். என் மகள் நான்காம் வகுப்புக்குப் போனபோது வந்த படிவத்தில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. பிள்ளையின் படம், வீடியோ, பெயர், குரல் எல்லாவற்றையும் பள்ளி எந்த ஊடகத்திலும் எப்போதும் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்றது அது. கீழே ‘ஆம்’ என்று ஒரு கட்டம். ‘இல்லை’ என்பதற்கு இடமே விடவில்லை.

படம் எடுப்பதையே எதிர்க்கிற ஆள் இல்லை நான். ஆண்டு விழாவில் அவள் கும்மி ஆடிய படத்தை என் மாமியார் இன்னும் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரச்சினை, அந்த ஒரே கையெழுத்து எத்தனை விஷயங்களுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. ஆண்டு மலரில் வரும் வகுப்புப் படமும் அதில் அடக்கம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களும் அடக்கம். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கான விளம்பரமும் அடக்கம்.

விளம்பரம் என்றால் எங்கள் ஊரான புதுச்சேரியில் ஃப்ளெக்ஸ்தான். தேர்வு முடிவு வந்த வாரத்தில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் சாலையில் போனால், பாஸ்போர்ட் படங்களை வரிசையாக அடுக்கிய பேனர்கள் நிற்கும். படத்துக்குக் கீழே பெயர், அதற்குக் கீழே மதிப்பெண். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டிலேயே பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே பாடத்திட்டத்தில் எழுதிய நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தியது. ஆனாலும் பேனர் வைப்பது மட்டும் நிற்கவில்லை. அதில் முகம் வந்த பிள்ளைக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முகத்தை வைத்து இன்னொரு குடும்பத்திடம் சேர்க்கை கேட்கிறார்கள் என்பதால், அதற்குத் தனியாக அனுமதி வாங்குவதுதான் முறை.

இணையத்தில் போடும் படத்தில் எனக்குப் பயம் முகத்தைப் பற்றி மட்டும் இல்லை. சீருடையைப் பார்த்தால் பள்ளி தெரிகிறது. தலைப்பில் பெயரும் வகுப்பும் இருக்கிறது. பின்னால் நிற்கும் வேனில் தடத்தின் பெயர்கூடத் தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எட்டு வயதுப் பிள்ளை திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். இப்போது ஒரே ஒரு தெளிவான படத்தை வைத்துப் போலிப் படம் தயாரிக்கிற கருவிகளும் எல்லார் கையிலும் வந்துவிட்டன. அதனால் முகமும் முழுப்பெயரும் பொதுப் பக்கத்தில் ஒன்றாக வரக்கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சட்டமும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்கிறது; அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் உறுதிப்படுத்தக்கூடிய ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் எதற்கு என்று குறிப்பாகச் சொல்லி, நிபந்தனை போடாமல் வாங்கியதாக இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். விதிமுறைகள் 2025 நவம்பரில் வந்தன. ஒப்புதல் தொடர்பான பகுதிகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே நாம் இந்த அளவுகோலை வைத்துக் கேட்கலாம்.

பாரிஸில் இருக்கிற என் சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். “இங்க ஸ்கூல்ல ஒவ்வொரு வருஷமும் புதுசா கேப்பாங்க அக்கா. எதுல போடுவோம், எத்தனை நாளைக்குன்னு தனித்தனியா இருக்கும்” என்றாள். பிரான்ஸில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. பிள்ளையின் படத்துக்கான உரிமையைத் தாயும் தகப்பனும் சேர்ந்தே காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு வீட்டில் பிரான்ஸ் சொந்தம் உண்டு; விசாரித்துப் பாருங்கள்.

நான் செய்தது இதுதான். அச்சிட்ட வாக்கியத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் தமிழிலேயே எழுதினேன்: ஆண்டு மலர், நோட்டீஸ் போர்டு, வகுப்பு வாட்ஸ்அப் குழு – சம்மதம். பள்ளியின் பொதுப் பக்கத்தில் கூட்டமாக எடுத்த படம், பெயர் இல்லாமல் – சம்மதம். விளம்பரம், பேனர், வெளி நிறுவனங்களுக்குக் கொடுப்பது – சம்மதம் இல்லை. இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும். பிறகு நானும் என் கணவரும் கையெழுத்துப் போட்டோம்; ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த நகல் முக்கியம். ஆசிரியர் மாறினாலும் பேச்சு மாறாது.

வகுப்பு மிஸ் படித்துவிட்டு, “அப்ப பாப்பாவ டான்ஸ்ல சேக்க வேணாமா மேடம்?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். நிறையப் பெற்றோர் வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுவது, பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற இந்த ஒரு பயத்தால்தான். “டான்ஸ்ல கண்டிப்பா ஆடட்டும் மிஸ். தனியா எடுத்த படத்தப் பேரோட போட வேணாம், அவ்வளவுதான்” என்றேன். அவர் தன் டைரியில் குறித்துக்கொண்டார். மேடையில் அவள் முன்வரிசையில்தான் ஆடினாள்.

மகளிடமும் கேட்டேன். நடனப் படம் பரவாயில்லை என்றாள். விளையாட்டு நாளில் விழுந்து அழுத வீடியோ மட்டும் யாருக்கும் போகக்கூடாது என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அதையும் மிஸ்ஸிடம் சொன்னேன்.

இன்னொன்று நம் கையில் இருக்கிறது. விழாவில் நாமே எடுக்கிற வீடியோவை எந்தப் படிவமும் கட்டுப்படுத்தாது. பக்கத்தில் ஆடும் பிள்ளையின் அம்மா சம்மதித்தாரா என்று நமக்குத் தெரியாது. ஸ்டேட்டஸில் போடும் முன் நம் பிள்ளை மட்டும் தெரிகிற அளவுக்கு வெட்டிக்கொள்வது பெரிய வேலை இல்லை.

ஏற்கெனவே முழுச் சம்மதம் கொடுத்துவிட்டவர்கள், தேதி போட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதலாம். எந்தப் பதிவு என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்தால் வேலை சுலபம். அச்சாகிப் போனதைத் திரும்ப வாங்க முடியாது, இனி வருவதை நிறுத்தலாம். டி.சி. வாங்கப் போகும்போதும், பழைய படங்களை நீக்கச் சொல்லி அந்த விண்ணப்பத்தோடு சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.