பங்குனி ஆமையைக் காணச் செல்வோர்க்கு

காவேரிப்பட்டினத்தைத் தழுவியோடும் தென்பெண்ணை கடலூரருகே சமுத்திரத்தைச் சேர்வதுபோல, நாமும் ஓரிரவு கடற்கரையை நாடி, பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் அற்புதத்தைத் தரிசிக்க விரும்பினால், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் சென்னையில் நிகழ்த்திவரும் இரவு நடையில் கலந்துகொள்ளலாம்.

• காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகள் உகந்தவை, காவேரிப்பட்டினத்தார் பகலிலேயே கிருஷ்ணகிரியில் பேருந்தேறி, சென்னையில் சற்று உறங்கியெழுவது உத்தமம்.

• தேகசிரமம்: நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில் நள்ளிரவு கடந்தும் நடக்க நேருமாதலால், குடிநீரும் இலேசான ஆகாரமும் அவசியம்.

• ஒளி: வெளிச்சத்தைக் கண்டு மிரளும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடுமாதலின், டார்ச்சையும் செல்பேசியையும் அணைத்து, கருநிற ஆடையணிந்து, மௌனமாய்ப் பின்தொடர்க.

• முட்டைகள்: ஒரு குழியில் நூற்றுக்கு மேலும் இருக்கலாம், அவற்றைப் பொரிப்பகத்தில் சேர்ப்பது தொண்டர் கடமையாதலால், நாம் தொடலாகாது, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது.

• பொறுமை: ஆமை தென்படாவிடினும் விசனப்படவேண்டாம், ஏறக்குறைய 45 முதல் 50 தினங்களில் பொரிக்கும் குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சியைப் பின்னர்க் குழந்தைகளோடு சென்று காணலாம்.