ஒவ்வொரு செட்டும் பூஜ்யத்திலிருந்து

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளில் அனைத்துலக ஆட்டம் என்றாலே கொண்டாட்டம்தான். ஜெயிப்பார் என்று எல்லாரும் சொல்கிறவரை விட்டுவிட்டு, எதிரே நிற்பவருக்குத்தான் கைதட்டுவோம். பரிதாபத்தாலா? இல்லை நண்பர்களே. சிவசங்கரியைப் பாருங்கள்.

கெடா, சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை. 2022 ஜூனில் கார் விபத்து. கழுத்துப் பகுதியில் எலும்பு முறிவு. அடுத்த மாதம் தொடங்கிய பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைநழுவிப் போனது. ஆனால் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் நம்ம சிவசங்கரிக்குத்தான்! 2024 ஏப்ரலில் லண்டன் கிளாசிக் இறுதியாட்டம். மகளிர் ஸ்குவாஷில் எகிப்துக்காரர்கள் கொடிகட்டிப் பறக்கும் காலம் இது. அந்த நாட்டின் ஹானியா எல் ஹம்மாமியை 3-2 என்று வென்றார்.

பொறியியல் படிக்கிற எனக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. தரவரிசை என்பது நேற்றுவரை ஆடியதன் கூட்டுத்தொகை. ஆட்டமோ ஒவ்வொரு செட்டிலும் 0-0 என்றுதான் தொடங்கும். குறைந்தது 11 புள்ளி எடுக்க வேண்டும். முதல் நிலைக்காரருக்கும் ஒரு புள்ளிகூட இனாம் கிடையாது.

தோட்டத்துப் பிள்ளை இவ்வளவுதான் படிக்கும் என்று நமக்கும் சிலர் தரவரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். போடட்டும். அது நேற்றைய கணக்கு.

செய்து பாருங்கள்: அடுத்த ஆட்டத்தில், ஒரு செட்டைத் தோற்றவர் அடுத்த செட்டின் முதல் புள்ளியை எப்படி ஆடுகிறார் என்று கவனியுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.