புள்ளி மறைந்தால் கப்பல் மறைந்துவிடாது

சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. கொழும்பிலிருந்து டர்பனுக்குக் கிளம்பிய உன் அண்ணனின் கப்பல் கைபேசி வரைபடத்தில் திடீரென்று மறைந்துவிட்டது, அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு: நடுக்கடலில் புள்ளி மறைவது அன்றாடம் நடப்பது. ஏன் மறைகிறது என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறவள். புரிந்துகொண்டு நீயே அம்மாவுக்கு விளக்கிவிடுவாய்.

பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் ஏ.ஐ.எஸ். என்றொரு ரேடியோ கருவி உண்டு. பன்னாட்டுப் பயணம் போகும் 300 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு அது கட்டாயம். பயணிகள் கப்பலென்றால் அளவுக் கணக்கே கிடையாது. ஐ.நா.வின் கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐ.எம்.ஓ. கொண்டுவந்த இந்த விதி 2004 இறுதியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஓடும் கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை தன் இடத்தையும் வேகத்தையும் திசையையும் ஒலிபரப்பும். நங்கூரம் போட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. எத்தனையோ கப்பல்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் குழப்பம் வராதா என்று கேட்பாய். ஒவ்வொரு நிமிடத்தையும் 2,250 துண்டுகளாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டை அந்தக் கருவிகளே எடுத்துக்கொள்கின்றன. பக்கத்தில் வரும் கப்பல் மோதாமல் விலகிப் போகட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்கென்று யாரும் இதைச் செய்யவில்லை.

இந்த ஒலிபரப்பு வி.எச்.எஃப். அலையில், 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் போகிறது. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் செல்லும், பூமியோ வளைந்திருக்கிறது. அதனால் கப்பலுக்குக் கப்பல் சுமார் 20 கடல் மைல் கேட்கும். கரையில் உயரமான இடத்தில் ஆன்டெனா இருந்தால் 40 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 74 கி.மீ. வரைகூடக் கேட்கும். உங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து நேர் கிழக்கே சுமார் 45 கி.மீ. போனால் மாமல்லபுரம் கடல். அவ்வளவு பக்கமாக இருந்தும், உன் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டினால் அங்கே போகும் கப்பலின் பேச்சு பெரும்பாலும் கிடைக்காது. கடலோரத்தில் யாரோ ஒருவர் கேட்டு, இணையத்தில் ஏற்றினால்தான் உன் கைபேசிக்கு வரும்.

அந்த 'யாரோ ஒருவர்'தான் கப்பல்களை வரைபடத்தில் காட்டும் இணையத் தளங்களின் முதுகெலும்பு. மெரைன்டிராஃபிக் தளம் 2007இல் கிரேக்க நாட்டின் ஏஜியன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. உலகெங்கும் கடலோரத்தில் வசிக்கும் ஆர்வலர்கள் சிறு கருவிகளை வைத்துக் கேட்டதை அனுப்ப அனுப்ப அது வளர்ந்தது. வெசல்ஃபைண்டர் போன்ற தளங்களும் கரையில் உள்ள நிலையங்களையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கரையைவிட்டு வெகுதூரம் போன கப்பலின் பேச்சைச் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தகவலுக்குக் காசு கட்ட வேண்டும். கொழும்பைத் தாண்டி இந்தியப் பெருங்கடலுக்குள் போன உன் அண்ணனின் கப்பல் வழக்கம்போல் பேசிக்கொண்டுதான் இருக்கும். கேட்கிற காது பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் கரையை நெருங்கும்போது புள்ளி திரும்ப வரும்.

இனி அந்தத் தளத்தில் கப்பலின் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஷிப்பிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தந்தது இதைத்தான். கப்பலைத் தொட்டதும் விரியும் தகவல்கள் மூன்று வகை. இடம், வேகம், திசை ஆகியவை ஜி.பி.எஸ். முதலிய கருவிகளிலிருந்து தானாக வருபவை. போகுமிடம், போய்ச்சேரும் நேரம், கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பவை கப்பல் அதிகாரி கையால் தட்டியவை. நங்கூரத்தில் நிற்கிறதா, ஓடுகிறதா என்ற நிலையையும் அவர்தான் மாற்ற வேண்டும். மறந்துவிட்டால், 12 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் 'நங்கூரத்தில்' என்று காட்டும். மூன்றாவது வகை, தளம் தானே கணக்குப் போட்டுச் சொல்பவை: எந்தத் துறைமுகத்தை எப்போது விட்டது, இப்போது எங்கே இருக்கக்கூடும் என்பவை. முதல் வகையை நம்பு, இரண்டாவதைச் சரிபார், மூன்றாவதை ஊகம் என்று வைத்துக்கொள்.

நேரத்தில் ஏமாந்துவிடாதே. பல தளங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். போகுமிடம் என்ற இடத்தில் 'ஐ.என்.எம்.ஏ.ஏ.' என்று ஐந்து எழுத்து இருந்தால் அது சென்னைத் துறைமுகத்தின் குறியீடு.

கப்பலைப் பெயரை வைத்துத் தேடாதே. ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு, கை மாறும்போது பெயரும் மாறும். எம்.எம்.எஸ்.ஐ. என்ற ஒன்பது இலக்க ரேடியோ எண், கொடி, அதாவது பதிவு செய்த நாடு, மாறினால் மாறிவிடும். இந்தியக் கப்பலுக்கு அது 419 என்று தொடங்கும். கப்பல் உடைபடும் நாள்வரை மாறாதது ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் ஒன்றுதான். அதைச் சோதிக்க உனக்கு ஒரு கணக்குத் தருகிறேன். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கி நின்ற 400 மீட்டர் நீளக் கப்பல் 'எவர் கிவன்' நினைவிருக்கும். அதன் மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். அதன் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டு: 63, 48, 5, 4, 0, 0. மொத்தம் 120. அதன் கடைசி இலக்கம் 0, கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் 0. அண்ணனின் கப்பல் எண்ணையும் இப்படிப் போட்டுப் பார். பொருந்தாவிட்டால் எண்ணை யாரோ தப்பாக எழுதித் தந்திருக்கிறார்கள்.

புள்ளி தெரிகிறது என்பதாலேயே எல்லாம் நலம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே வந்தது 'பி.டபிள்யூ. மேப்பிள்'. பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்த கப்பலின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'. நம் மாவட்டத்துப் பெயர். இரண்டுமே ஏ.ஐ.எஸ். கட்டாயமான பெரிய கப்பல்கள். ஒன்றையொன்று திரையில் காண வழியிருந்தும் மோதல் நடந்தது. கருவி காட்டத்தான் செய்யும், திசை திருப்ப வேண்டியவர்கள் மனிதர்கள். எண்ணெய் கசியவில்லை என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் ஆகிய மூன்று மாவட்டங்களின் கரையிலும் கறுப்பு எண்ணெய் ஒதுங்கியது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அப்போது மாமல்லபுரம் நம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரிந்தபின் காஞ்சிபுரத்துக்குக் கடற்கரையே இல்லை. அந்த எண்ணெய்ப் படலத்தை எந்தப் புள்ளியும் காட்டியிருக்காது.

வரைபடம் காட்டாதவை இன்னும் உண்டு. கோவளத்திலிருந்து புதுப்பட்டினம் வரை கடல் வெறிச்சோடித் தெரியும். அங்கே ஃபைபர் படகுகள் வலை விரித்திருக்கும். மீன்பிடிப் படகுகளுக்கு அரசு பொருத்தித் தரும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்கள் பேசுவது கண்காணிப்பு மையங்களோடு, இந்தத் தளங்களோடு அல்ல. நம்பச் சொன்ன முதல் வகைத் தகவலும் எப்போதாவது பொய்க்கும்: 2017இல் கருங்கடலில் ஜி.பி.எஸ்.ஸை யாரோ ஏமாற்றியதால், கடலில் இருந்த கப்பல்கள் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கொள்ளையர் பயம் உள்ள இடத்தில் ஏ.ஐ.எஸ். கருவியை அணைக்கக் கேப்டனுக்கு அனுமதி உண்டு. ஆனால் தடைசெய்த எண்ணெயைக் கடத்துகிறவர்களும், அடுத்தவர் கடலில் மீன் திருடுகிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளைப் பார்த்திருப்பாய். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்கிறது ஒரு விதி. கடலிலும் இப்போது அந்த நியாயம் வந்துவிட்டது. காரணமில்லாமல் நெடுநாள் மௌனமாக இருந்த கப்பலை வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கின்றன. கணக்கைச் சொல்வது கப்பலின் கடமை, அதைச் சரிபார்ப்பது பார்க்கிறவர் பொறுப்பு.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. எண், அண்ணனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. கடல் ஆபத்துக்கு அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554. அதையும் கீழே எழுது. சந்தேகம் வந்தால் ஏஜென்சிக்குப் பேசுங்கள், திரையைப் பார்த்துத் தவிக்க வேண்டாம். வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் புள்ளி எங்கே என்று பார்க்கும் முன், கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்கப் பழகிக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா