கொலைக்களத்தில் மலர்ந்த மீட்பு

பாவம், மீட்பு, நித்திய வாழ்வு. ஞானோபதேச வகுப்பில் சிறு வயது முதல் நாம் கேட்டுவரும் சொற்கள் இவை. அடிக்கடி கேட்பதாலேயே அவற்றின் பொருள் நம் உள்ளத்தில் ஆழப் பதியாமல் போவதும் உண்டு. வினாவும் விடையுமாக மனப்பாடம் செய்த ஓர் உண்மை, ஒரு மனிதனுடைய வாழ்வில் நடந்ததாகக் காணும்போதுதான் உயிர் பெறுகிறது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்று 1887-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் நடந்தது. அதில் இடம்பெற்றவர்கள் இருவர். ஒருவன் மூன்று கொலைகளுக்காகத் தீர்ப்பிடப்பட்ட கைதி. மற்றவர் பதினான்கு வயதுச் சிறுமி. இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

கைதியும் சிறுமியும்

1887 மார்ச்சு மாதம் பாரிசு நகரில் ஒரு வீட்டில் இரு பெண்களும் ஒரு சிறுமியும் கொடூரமாகக் கொலை செய்யப்பட்டுக் கிடந்தனர். நகைகள் களவு போயிருந்தன. அந்த நகைகளைக் கொண்டே துப்புத் துலக்கி, மார்சேய் நகரில் ஹென்றி பிரான்சினி என்பவனைக் காவலர் கைது செய்தனர். ஜூலை 13-ஆம் நாள் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தான் குற்றவாளி அல்லன் என்றே அவன் சாதித்து வந்தான். மனம் வருந்தியதற்கான அடையாளம் எதுவும் அவனிடம் காணப்படவில்லை. செய்தித்தாள்கள் அவனைப் பற்றியே எழுதின. நாடு முழுவதும் அவனை வெறுத்தது.

அதே காலத்தில் லிசியே என்னும் சிற்றூரில் தெரேசா மார்ட்டின் என்ற சிறுமி வாழ்ந்து வந்தார். 1873 ஜனவரி 2-ஆம் நாள் பிறந்த இவர், நான்கு வயதிலேயே தாயை இழந்தவர். இவரே பிற்காலத்தில் குழந்தை இயேசுவின் புனித தெரேசா எனப் போற்றப்பட்டவர். நம் நாட்டில் எத்தனையோ பள்ளிகள் இவரது ‘சிறுமலர்’ என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அந்த ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரேசாவின் செபப் புத்தகத்திலிருந்து பாடுபட்ட இயேசுவின் படம் ஒன்று சற்று வெளியே நழுவியது. ஆணி அறைந்த கையிலிருந்து வடியும் திரு இரத்தம் மட்டும் தெரிந்தது. அதை ஏந்திக்கொள்வார் எவருமின்றி அது மண்ணில் விழுகிறதே என்று தெரேசாவின் உள்ளம் துடித்தது. சிலுவையடியில் நின்று அந்த இரத்தத்தின் பயனைப் பாவிகளுக்குச் சேர்ப்பதே தன் வேலை எனத் தீர்மானித்தார். அப்போதுதான் பிரான்சினியைப் பற்றிக் கேள்விப்பட்டார். இந்த ஆன்மா எப்படியும் அழிந்துபோகக் கூடாது என்று உறுதி கொண்டார். செபம் செய்தார். சிறு சிறு ஒறுத்தல்களை ஒப்புக்கொடுத்தார். தாமே கேட்கக் கூச்சப்பட்டு, தம் அக்காள் செலின் மூலமாக அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். தம் செபம் கேட்கப்படும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆயினும் தம் ஆறுதலுக்காக ஓர் அடையாளம் மட்டும் தருமாறு இறைவனிடம் வேண்டினார்.

ஆகஸ்டு 31-ஆம் நாள் பிரான்சினி கொலைக்களத்துக்குக் கொண்டுவரப்பட்டான். அவன் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கவில்லை. கத்தியின் கீழ் தலையை வைக்கும் தறுவாயில் அவன் திடீரெனத் திரும்பி, அருகிலிருந்த குருவானவர் நீட்டிய பாடுபட்ட சுரூபத்தைப் பற்றி, மும்முறை முத்தமிட்டான். மறுநாள் ‘லா குருவா’ என்ற கத்தோலிக்க நாளிதழில் தெரேசா இதை வாசித்தார். கண்களில் நீர் பெருகிற்று. யாரும் காணாதபடி அவ்விடம் விட்டு அகன்றார். அன்று முதல் பிரான்சினியைத் தம் முதல் குழந்தை என்றே அவர் எண்ணினார். தம் வரலாற்றில் இதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

பாவம் என்பது யாது?

இந்த நிகழ்ச்சியிலிருந்து நம் விசுவாசத்தைக் கற்க முயல்வோம். பாவம் என்பது சட்டத்தை மீறுவது மட்டுமன்று. இறைவன் நம்மிடம் காட்டும் அன்பை அறிந்தும் மனமாரப் புறக்கணிப்பதே பாவம். ஒரு பாவம் சாவான பாவமாவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு எனத் திருச்சபை போதிக்கிறது. செயல் கனமானதாய் இருத்தல் வேண்டும். அதன் தீமையை முழுமையாய் அறிந்திருத்தல் வேண்டும். முழுச் சம்மதத்தோடு செய்திருத்தல் வேண்டும். கொலை கனமான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவனுடைய அறிவையும் சம்மதத்தையும் இறைவன் ஒருவரே முழுமையாய் அளக்க வல்லவர். ஆகவேதான் செயலைக் கண்டிக்கும் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று எந்த மனிதரையும் பெயர் சொல்லித் தீர்ப்பிட்டதில்லை.

சாவான பாவம் ஆன்மாவின் உயிராகிய அருளை இழக்கச் செய்கிறது. கிளை தன்னை மரத்தினின்று முறித்துக்கொண்டால், தானே மீண்டும் ஒட்டிக்கொள்ள அதனால் முடியுமா? முடியாது. ஒட்ட வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கையே மீட்பு.

மீட்பு யாருடைய செயல்?

பிரான்சினியை மீட்டது தெரேசாவின் செபமா? அவன் கொடுத்த முத்தமா? இரண்டும் அல்ல. மீட்பவர் இயேசு கிறிஸ்து ஒருவரே. கல்வாரியில் சிந்திய இரத்தமே பாவிகளின் விலை. தெரேசாவும் இதை நன்கு அறிந்திருந்தார். தம்மிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை என்று கண்டே, இயேசுவின் அளவற்ற பேறுபலன்களை அவனுக்காக ஒப்புக்கொடுத்தார்.

அப்படியானால் செபம் எதற்கு? விசுவாசப் பிரமாணத்தில் புனிதர்களின் சமுதீதப் பிரயோசனம் என்று சொல்கிறோமே, அதற்கு விடை அங்கே இருக்கிறது. கிறிஸ்துவின் ஞான உடலில் நாம் எல்லோரும் உறுப்புகள். காலில் முள் தைத்தால் கண் அழுகிறது, கை எடுக்கிறது. அவ்வாறே ஒருவருடைய செபமும் ஒறுத்தலும் மற்றவருக்குப் பயன்பட வேண்டும் என்பது இறைவனின் திருவுளம். அருளைத் தருபவர் அவரே. அதை வேண்டிக்கொள்ளும் பணியில் நம்மையும் அவர் சேர்த்துக்கொள்கிறார்.

ஆனால் அருள் யாரையும் பலவந்தம் செய்வதில்லை. கிறிஸ்துவின் இருபுறமும் அறையுண்ட கள்வர் இருவரையும் லூக்கா நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. இருவருக்கும் ஒரே தண்டனை. இருவருக்கும் அருகில் ஒரே மீட்பர். ஒருவன் தன் குற்றத்தை ஏற்று அவரை மன்றாடினான். மற்றவன் ஏளனம் செய்தான். ஆதலால் கடைசி நேரத்தில் மனந்திரும்பிக்கொள்ளலாம் என்று பாவத்தில் துணிவது பேதைமை. கடைசி நேரம் நமக்கு எப்போது, எந்நிலையில் வரும் என்று யார் அறிவார்?

இது நீதியாகுமா?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. கொலையுண்ட அந்த மூவருக்கு மன்றாட ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. அவர்களைக் கொன்றவன் என்று தீர்ப்புப் பெற்றவனுக்கோ மன்னிப்பு! இது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் அல்லவா? இக்கேள்வியை நாம் ஒதுக்கித் தள்ளலாகாது. இறந்த அந்தச் சிறுமியை மறந்துவிட்டுப் பேசும் இரக்கம் உண்மையான இரக்கம் ஆகாது.

திருச்சபையின் போதனை இதற்கு வழி காட்டுகிறது. முதலாவது, மன்னிப்பு என்பது குற்றத்தைக் குற்றமில்லை என்று சொல்வதன்று. குற்றமில்லையென்றால் மன்னிக்க என்ன இருக்கிறது? இரண்டாவது, மன்னிக்கப்பட்ட பாவத்திற்கும் பரிகாரம் உண்டு. இவ்வுலகில் செய்து முடியாததை உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மா நிறைவு செய்கிறது. மூன்றாவது, ஒருவனுக்குக் காட்டும் இரக்கத்தால் மற்றவருடைய பங்கு குறைவதில்லை. திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எசமான், காலையிலிருந்து உழைத்தவனுடைய காசில் கைவைக்கவில்லையே! கொலையுண்டவர்களின் கண்ணீரை இறைவன் மறப்பவர் அல்லர். அவர்களுக்கு இவ்வுலகம் கொடுக்கத் தவறிய நீதியை அவரே கொடுக்க வல்லவர்.

பிரான்சினிக்கு அன்று முத்தமிடுவதற்குச் சில கணங்களே கிடைத்தன. மனந்திரும்பும் வாய்ப்பை எந்த மனிதனிடமிருந்தும் பறிக்கலாகாது என்ற எண்ணம் இன்று திருச்சபையில் வலுப்பெற்றிருக்கிறது. பிரான்சு நாடு 1981-இல் மரண தண்டனையை ஒழித்தது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று எனப் போதித்தார். மிகக் கொடிய குற்றம் செய்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

நித்திய வாழ்வு

மோட்சம் என்றதும் துன்பமின்றி நெடுங்காலம் வாழும் ஓர் இடம் என்று நாம் கற்பனை செய்கிறோம். நித்திய வாழ்வு அதைவிட மேலானது. இறைவனை முகமுகமாய்த் தரிசித்து, அவருடைய அன்பில் என்றென்றும் வாழ்வதே அது. அவ்வாழ்வின் வித்து ஞானஸ்நானத்திலேயே நம்முள் ஊன்றப்பட்டு, திவ்விய நற்கருணையால் வளர்க்கப்படுகிறது. ஆகவே அது இறந்த பின் தொடங்குவதன்று, இன்றே தொடங்குவது.

தெரேசா 1888 ஏப்ரல் 9-ஆம் நாள், பதினைந்து வயதில், லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கும் பிரான்சினியை அவர் மறக்கவில்லை. 1896 புனித வாரத்தில் அவருக்கு முதன்முறையாக இரத்த வாந்தி கண்டது. அது காசநோயின் அறிகுறி. அதற்குச் சில நாட்களில், பாஸ்கா காலத்தில், வேறொரு துன்பமும் சேர்ந்தது. மோட்சம் என்று ஒன்று இல்லவே இல்லையோ என்ற இருள் அவர் உள்ளத்தைச் சூழ்ந்தது. சாகும்வரை அது முற்றிலும் நீங்கவில்லை. அப்போது அவர் என்ன செய்தார்? விசுவாசமற்றவர்களும் பாவிகளும் அமர்ந்திருக்கும் பந்தியில் தாமும் அமர்ந்து அவர்களுக்காக மன்றாடுவதாக அத்துன்பத்தை ஏற்றுக்கொண்டார். ஒன்றும் தெரியாத இருளிலும் இறைவனை நம்பினார். 1897 செப்டம்பர் 30-ஆம் நாள், 24 வயதில் உயிர் நீத்தார். மோட்சத்தைக் கண்டு மகிழ்பவர்களுக்கு மட்டுமல்ல, காண முடியாமல் தவிப்பவர்களுக்கும் நம்பிக்கை உண்டு என்பதற்கு இவரே சாட்சி.

திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1925 மே 17-ஆம் நாள் இவரைப் புனிதராக உயர்த்தினார். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்கு இணையாக, 1927-இல் இவர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். கார்மேல் மடத்தின் மதிலை விட்டு வெளியேறி ஒரு நாளும் போதிக்காதவருக்கு இந்தப் பெருமை! 1997-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவித்தார்.

நாம் செய்யக்கூடியது

அன்புத் தோழியரே! பிரான்சினி மோட்சம் சேர்ந்தான் என்று திருச்சபை அறிவிக்கவில்லை. அது இறைவனின் இரகசியம். ஆனால் உலகமே கைவிட்ட ஒருவனைக் கைவிடாமல், நம் வயதை ஒத்த ஒரு சிறுமி மன்றாடினார் என்பது நமக்குத் தெரியும். அவரிடம் பணமில்லை, பதவியில்லை, கொலைக்களம் வரை போக வழியில்லை. இருந்தவை செபமும் நம்பிக்கையுமே.

செய்தித்தாளில் ஒரு கொடியவனின் படத்தைக் காணும்போது, “இவன் உருப்படுவானா?” என்று நாமும் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். இனி அந்தப் பக்கத்திலேயே சற்று நிற்போம். அவனால் துன்புற்றவர்களுக்காக முதலில் ஒரு செபமும், அவனுக்காக ஒரு செபமும் சொல்வோம். நம் ஆன்மாவையோ பாவசங்கீர்த்தனத்தால் அடிக்கடி தூய்மைப்படுத்தி, அருள் நிலையில் காத்துக்கொள்வோம். இறைவனின் இரக்கத்தை விடப் பெரிய பாவம் எதுவுமில்லை. அந்த இரக்கத்தை நாமும் தேடுவோம். பிறருக்கும் கேட்டுப் பெற்றுத் தருவோம்!