5 அங்குலத் திரையும் 15 கிலோஹெர்ட்ஸும்

முதல் பிளேஸ்டேஷனைச் சோனி சிறிதாக்கி, பிஎஸ்ஒன் என்ற பெயரில் 2000 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மேல் மாட்டிக்கொள்ள 5 அங்குல எல்சிடி திரை ஒன்றும் பிறகு தனியாக வந்தது. வட்டு சுழலும் பாகம் தேய்ந்து கேம் கருவி ஓய்ந்துவிட்டாலும் இந்தத் திரை நல்ல நிலையில் இருப்பதுண்டு. அதைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்க நினைக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் முதல் நாளே பலர் மனம் சோர்ந்து கைவிடுவதற்குக் காரணம், வேலையில் இறங்கும் முன்பே மனதில் பதிந்துவிட்ட சில நம்பிக்கைகள்தான்.

“சிவப்பு, பச்சை, நீலம், எர்த். நாலு கம்பியைச் சேர்த்தால் படம் வந்துவிடும்.”

இந்த நம்பிக்கையில் பாதி சரி. கம்ப்யூட்டரில் மானிட்டரை மாட்டும் விஜிஏ சாக்கெட்டில் 1, 2, 3-ஆம் பின்கள் மூன்று நிறங்களையும் 0.7 வோல்ட் அளவுக்குள் ஏறி இறங்கும் அனலாக் சிக்னலாகத் தருகின்றன. பிஎஸ்ஒன் திரைக்குள்ளும் நிறங்கள் இதே வகையில்தான் போகின்றன. நிறத்தில் சிக்கல் இல்லை, வேகத்தில்தான் சிக்கல்.

அந்தத் திரை டிவிக்கென்று வகுத்த கணக்கில் ஓடுகிறது. ஒரு நொடிக்கு சுமார் 15,734 வரிகள், அதாவது 15.7 கிலோஹெர்ட்ஸ். ஒரு வரிக்குச் சுமார் 63.5 மைக்ரோ நொடி. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இதைவிட இரண்டு மடங்கு வேகமாக, நொடிக்கு சுமார் 31,469 வரிகளை அனுப்புகிறது. திரை ஒரு வரியை வரைந்து முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் இரண்டு வரிகளைத் தள்ளிவிடும். திரை எப்படியோ அதோடு ஒட்டிக்கொண்டால், ஒற்றைப்படை வரிகள் இடப்பக்கமும் இரட்டைப்படை வரிகள் வலப்பக்கமுமாக, ஒடுங்கிப்போன இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒட்டாவிட்டால் வெறும் சாய்ந்த கோடுகள். இதைப் பார்த்தவுடன் ‘திரை போச்சு’ என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அதில் பழுது எதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த தாளத்தைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தாளத்துக்குக் கம்ப்யூட்டரை இறக்க, விலை கூடிய கருவி வாங்க வேண்டும் என்பது அடுத்த நம்பிக்கை. பழைய கிராஃபிக்ஸ் கார்டு கையில் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த சிஜிஏ கார்டே 15.7 கிலோஹெர்ட்ஸில்தான் ஓடியது. லினக்ஸில் திரைக்கான நேரக்கணக்கை நாமே எழுதிக் கொடுக்கலாம். புள்ளி வேகம் 13.5 மெகாஹெர்ட்ஸ், ஒரு வரிக்கு மொத்தம் 858 புள்ளிகள் என்று வைத்தால், வகுத்து வருவது 15,734. ஒரு படத்துக்கு 262 வரிகள் என்றால் நொடிக்கு 60 படங்கள். திரை கேட்டது இதையேதான். சில கார்டுகளின் டிரைவர் இவ்வளவு குறைந்த புள்ளி வேகத்தை ஏற்காது; அப்போது கார்டை மாற்றிப் பார்ப்பதே வழி. அண்மைக்காலக் கார்டுகள் பலவற்றில் அனலாக் வெளியீடே கிடையாது என்பதால், இந்த வேலைக்குப் பழசுதான் பொன்.

ஒன்றை மறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் விழிக்கும்போது காட்டும் முதல் எழுத்துகள் பொதுவாக 31 கிலோஹெர்ட்ஸில்தான் வரும். டிரைவர் ஏறி, நாம் எழுதிய கணக்கு நடைமுறைக்கு வந்த பிறகே சின்னத் திரையில் படம் நிலைக்கும். ஆகவே வேலை முடியும்வரை சாதாரண மானிட்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தான் யார், எந்த வேகம் தாங்கும் என்று 12, 15-ஆம் பின்கள் வழியாக மானிட்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நம் திரைக்கு அந்தப் பேச்சு தெரியாது. ‘மானிட்டரே இல்லை’ என்று எண்ணிக் கார்டு வாயடைத்துக்கொண்டால், வெளியீட்டைக் கட்டாயமாகத் திறந்துவிட வேண்டும்.

அடுத்தது, வரியும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று திரைக்குச் சொல்லும் சிங்க் துடிப்பு. கம்ப்யூட்டர் வரிக்கான துடிப்பை 13-ஆம் பின்னிலும், படத்துக்கான துடிப்பை 14-ஆம் பின்னிலும் தனித்தனியாக அனுப்புகிறது. திரைக்கோ இரண்டும் சேர்ந்த ஒரே துடிப்பு வேண்டும். 74எச்சி86 என்ற ஐசி இரண்டையும் சேர்த்துவிடும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கக்கூடிய சாதாரணச் சரக்குதான். அதில் நான்கு கேட்டுகள் இருப்பதால், துடிப்பு தலைகீழாக வந்தால் திருப்பிவிட இன்னொன்றும் கையிருப்பில் இருக்கும். எர்த் கம்பியை ஒப்புக்கு ஒன்று போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நிறங்களுக்கு 6, 7, 8, சிங்க்குக்கு 10 என்று விஜிஏ தனித்தனியாக எர்த் வைத்திருப்பது காரணமாகத்தான்.

“வேகம் தவறினால் திரை எரிந்துவிடும்” என்ற பயம் பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களின் காலத்தது. அவற்றில் கதிரை இடவலமாக இழுக்கும் பகுதி தவறான வேகத்தில் சூடேறிப் பழுதாகும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்தது. எல்சிடியில் அந்தப் பகுதியே இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. பிஎஸ்ஒன் 7.5 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் கம்பி தருவதோ 12. பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதை இழுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பின்னொளிக்கு உள்ளே இருப்பது மெல்லிய குளிர்வகை ஃப்ளோரசன்ட் குழல். அதைத் தூண்டும் சின்னப் பலகையில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். குழலுக்குள் சிறிதளவு பாதரசமும் உண்டு. மூடியைக் கழற்றிய நிலையில் மின்சாரம் கொடுத்துவிட்டு அந்தப் பலகையில் விரல் வைக்கக் கூடாது. சிறுவர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்பவர்கள் அவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

பிஎஸ்ஒன் திரைக்குச் சரிப்பட்டது எல்லாக் கேம் திரைக்கும் சரிப்படும் என்று எண்ணி, சோனியின் கையடக்கக் கேம் கருவியான பிஎஸ்பியின் திரையை வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. 480-க்கு 272 புள்ளிகள் கொண்ட அது அனலாக் சிக்னலைப் புரிந்துகொள்ளாது. ஒவ்வொரு நிறத்துக்கும் 8 கம்பிகளில் டிஜிட்டல் எண்களாகத் தர வேண்டும். 1989-இன் கேம் பாய் திரையும் இரண்டே கம்பிகளில் நான்கு சாயல்களை டிஜிட்டலாக வாங்குவது. இவற்றுக்கு நடுவில் சிக்னலை எண்ணாக மொழிபெயர்க்கும் சில்லு ஒன்று வேண்டும். ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் மூன்று ஆர்சிஏ பிளக் என்று விற்கும் வெறும் கேபிளும் ஏமாற்றத்தைத்தான் தரும். பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர சிக்னலை மாற்றாது.

எல்லாம் கூடி வந்தபின், கம்ப்யூட்டரின் முழு டெஸ்க்டாப்பும் அதில் படிக்கக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த 262 வரிகளில் உயரத்தில் கண்ணுக்குக் கிடைப்பது 240 வரிகள். ஆங்கில எழுத்து 8 புள்ளி உயரத்தில் அடங்கிவிடும் என்பதால் 30 வரிகள் வரை போகும். நம் எழுத்துக்கு அது போதாது. தலைக்கு மேல் புள்ளியும் சுழியும், காலுக்குக் கீழே வாலும் உண்டு. ‘ளூ’வையும் ‘ஞ்’ஐயும் 8 புள்ளிக்குள் அடைத்தால் கண் தடுமாறும். 16 புள்ளி கொடுத்தால் தெளிவாக நிற்கும். அப்படி வைத்தால் 15 வரித் தமிழ். ஓடும் பாட்டின் பெயர், மணி, இன்றைய வேலைப் பட்டியல், நாளைய ரயில் நேரம் எல்லாம் அதற்குள் அடங்கும்.