கண்ணாடி போட்டவர்களுக்கு ரேஞ்சில் யாரும் சொல்லாதது

டெக்ஸஸில் வார இறுதியானால் ரேஞ்சுக்குப் போகிற தமிழர்கள் இப்போது கணிசமாக இருக்கிறோம். கம்ப்யூட்டர் வேலை, மூக்குக் கண்ணாடி, கிரீன் கார்டு வந்த கையோடு முதல் பிஸ்டல். எந்தப் பிஸ்டல் வாங்கலாம், எந்த ஹோல்ஸ்டர் நல்லது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காதைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை, வலது காதுக்குள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விசில் சத்தம்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ‘கவுன்ட்டரில் யாரும் கேட்கவில்லையே’ என்று போய்வருகிறவர்களை எனக்குத் தெரியும். கேட்காதது அவர்கள் குறை, மாட்டினால் போவது உங்கள் கிரீன் கார்டு. நான் கார்டு கையில் வரும்வரை காத்திருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று அப்போது சொன்னவர்களுக்கு இன்றைக்கும் என் பதில் அதுதான்.

இனி காது. 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் வெடிச் சத்தம் உச்சத்தில் ஏறத்தாழ 160 டெசிபல். வெடிச் சத்தத்துக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 140. இருபதுதானே கூடுதல் என்று நினைக்கக் கூடாது. டெசிபல் கணக்கில் இருபது கூடினால் காதில் மோதும் அழுத்தம் பத்து மடங்கு. என்.சி.சி. முகாமில் நாம் வெறும் காதோடு சுட்ட .22 ரைஃபிள்கூட 140ஐ ஒட்டி நிற்கும். உரத்த சத்தம் வந்தால் நடுக்காதின் சிறு தசைகள் இறுகி ஓரளவு காக்கும் என்பது உண்மை. ஆனால் தோட்டா வெடித்து முடிந்த பிறகுதான் அவை இறுகவே தொடங்கும். உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்துகிற மயிர்ச் செல்கள் அதற்குள் அடி வாங்கியிருக்கும். அவை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

நான் போன ரேஞ்ச் நான்கு சுவருக்குள் இருப்பது. பயிற்சியாளர் நல்ல அனுபவசாலி என்று பெயர். குழல் எங்கே பார்க்க வேண்டும், விரல் எங்கே இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். காதுக்கு வந்தபோது, கூடையிலிருந்து ஒரு இயர்மஃபை எடுத்து நீட்டி, ‘இதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார். அவ்வளவுதான் பாடம். என் கண்ணாடி தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். அதன் கைகள் காதுக்கு மேலே பென்சில் கனத்துக்கு இருக்கும். என் முகத்துக்கு நேரே நின்றுதான் அந்த மஃபைக் கொடுத்தார். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மஃபின் மெத்தை வேறு பழையது, ஓரத்தில் தோல் பிளந்து உள்ளே இருக்கும் பஞ்சு தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கத்து லேனில் ஒருவர் வந்து நின்றார். கையில் குழல் குட்டையாக்கப்பட்ட ஏ.ஆர். ரக ரைஃபிள், குழல் வாயில் மஸில் பிரேக். அந்தச் சிறு பாகம் வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைக்கும். சுடுகிறவருக்குச் சுகம், அந்தச் சத்தம் முழுக்கப் பக்கத்தில் நிற்பவருக்கு. முதல் வெடியில் என் வலது கன்னமே அதிர்ந்தது. இரண்டாவதில் காது அடைத்துக்கொண்டது. பயிற்சியாளரிடம் சொன்னேன். மஃபைத் தலையில் இன்னும் அழுத்திவிட்டு, ‘பழகிவிடும்’ என்றார். காசு கொடுத்த நேரம் முடியும்வரை சுட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். அன்றிரவு ஏ.சி. நின்று வீடு அமைதியானபோது அந்த விசில் கேட்டது. இன்னும் நிற்கவில்லை.

அந்தப் பயிற்சியாளருக்குத் தெரியாத, அல்லது சொல்ல மனமில்லாத விஷயம் இதுதான். இயர்மஃப் வேலை செய்வது அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தால் மட்டுமல்ல. மெத்தை, காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தோலில் உட்கார வேண்டும். குக்கர் கேஸ்கட்டில் ஒரு விரிசல் இருந்தால் விசில் வராது இல்லையா, அதே கதைதான். கண்ணாடியின் கை மெத்தையைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தில் முன்னால் ஒரு பொந்து, பின்னால் ஒரு பொந்து. ரேஞ்சில் பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம் என்பதால் பவர் கண்ணாடி இல்லாதவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மஃபை மாட்டிக்கொண்டு ஃபேனையோ குழாயையோ ஓடவிடுங்கள். இப்போது கண்ணாடியை மெல்லக் கழற்றுங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால், இத்தனை நாளும் அவ்வளவு உள்ளே வந்துகொண்டிருந்தது என்று பொருள்.

சத்தம் எவ்வளவு குறையும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் என்.ஆர்.ஆர். எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில், சரியாக மாட்டிவிட்டு அளந்தது. நியோஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் 1998இல், மஃப் என்றால் அதில் கால் பங்கையும், ஃபோம் இயர்பிளக் என்றால் பாதியையும் கழித்துக்கொள்ளச் சொன்னது. துப்பாக்கிக்காரர்கள் பலரும் வாங்கும் எலெக்ட்ரானிக் மஃப் ஹோவர்டு லைட் இம்பாக்ட் ஸ்போர்ட். அதன் எண் 22. கால் பங்கு போனால் மிச்சம் பதினாறரை. 160லிருந்து கழித்துப் பாருங்கள், 140க்குக் கீழே வராது. இந்த எண் தொடர் இரைச்சலுக்கு அளந்தது, வெடிச் சத்தத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிடும்.

அதனால் இரண்டும் வேண்டும். உள்ளே ஃபோம் பிளக், மேலே மஃப். இரண்டின் எண்ணையும் கூட்டிக்கொள்ள முடியாது, பெரிய எண்ணோடு ஒரு ஐந்து சேர்த்துக்கொள்வதுதான் நடைமுறைக் கணக்கு. அந்த ஐந்துக்காகவா இத்தனை பாடு என்று எங்கள் ரேஞ்ச் குழுவில் ஒருவர் இன்னமும் கேட்கிறார். ஐந்துக்காக மட்டும் இல்லை. ஒன்று கசிந்தாலும் மற்றது நிற்கும் என்பதற்காக. அன்றைக்கு என் காதுக்குள் ஒரு சல்லிக்காசு ஃபோம் இருந்திருந்தால் கண்ணாடிக் கை என்ன பொந்து போட்டிருந்தாலும் இந்த விசில் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபோமையும் சரியாக வைக்கிறவர்கள் குறைவு. விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். அப்போதுதான் வளைந்திருக்கும் காதுக்குழாய் நேராகும். உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்குங்கள். நேர் எதிரே ஒருவர் நின்று பார்த்தால் பிளக் தெரியக் கூடாது. தொப்பி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

சின்ன இடைவெளி பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு 3எம் நிறுவன வழக்கைத்தான் சொல்வேன். அமெரிக்கப் படையினருக்குக் கொடுத்த இருமுனை இயர்பிளக் சிலர் காதில் சரியாக உட்காராமல், அவர்களுக்கே தெரியாமல் தளர்ந்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனம், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, 600 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிக்கச் சம்மதித்தது. அத்தனை கோடியும் பிளக் காதில் சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்ற கேள்விக்காக.

மருத்துவரிடம் போன கதையையும் சொல்லியாக வேண்டும். கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு ‘நார்மல்’ என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். அறிக்கைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மற்ற எல்லா இடத்திலும் சமமாகப் போன கோடு, 6000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியது. சத்தத்தால் அடிபட்ட காதின் அடையாளம் 3000க்கும் 6000க்கும் நடுவே விழுகிற இந்தப் பள்ளம்தான். சராசரி எடுத்தால் அது மறைந்துபோகும். பின்சீட்டிலிருந்து என் மகள் பேசினால் ‘ஸ’வும் ‘ஃப’வும் எனக்குத் தேய்ந்து வருகின்றன. அதை ‘நார்மல்’ என்று நான் ஏற்க மாட்டேன். நீங்கள் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே ஆடியோகிராம் என்ற இந்தச் சோதனையை எடுத்துத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 3000, 6000 இரண்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். காது அடைத்தாலோ விசில் கேட்டாலோ, காலையில் சரியாகிவிடும் என்று படுக்காமல் உடனே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு கொடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க ஆரம்ப நாட்கள்தான் உதவும்.

கண்ணாடிக்கு நான் செய்தது, கம்பி போல மெலிந்த கைகள் உள்ள ஒரு ஃபிரேமில் பவர் போட்டு ரேஞ்சுக்கென்றே தனியாக வைத்துக்கொண்டது. மஃபின் மெத்தையையும் ஜெல் மெத்தையாக மாற்றினேன். அது கம்பியைச் சுற்றி அமுங்கிக்கொள்கிறது. மெத்தை இறுகினாலோ வெடித்தாலோ உடனே மாற்றிவிடுகிறேன்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காதுக்கும் குறிக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். வலக்கைக்காரர் சுட்ட ஓட்டைகள் இலக்கின் கீழ் இடது மூலையில் குவிந்தால், வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே குனிகிறது என்று அர்த்தம். பலர் இதை உதைப்பின் மேல் பழி போடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் சத்தத்தின் வேலை. பிளக்கும் மஃபும் சேர்த்துப் போட ஆரம்பித்த பிறகுதான் என் ஓட்டைகள் நெருக்கமாக விழுந்தன. மேகஸினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாவை நண்பரைக் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத முறை குழல் கீழே குனிவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு .22 பிஸ்டலில் பழகுங்கள், வீட்டில் துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகுவது, செய்யுங்கள். டாட் டார்ச்சர் என்ற பயிற்சித் தாளில் இரண்டு அங்குல வட்டங்கள், ஐம்பது தோட்டாக்கள். மூன்று கஜத்தில் தொடங்குங்கள். அதில் தேறாமல் தூரத்துக்குப் போவது வீண்.

இந்தப் பயிற்சிக்கு வேண்டிய தோட்டாவை நானே மறுபடி நிரப்பிக்கொள்கிறேன். கராஜில் ஒரு மேசை, ஒரு பிரஸ், ஒரு தராசு. சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, பிரைமர் பொருத்தி, பவுடர் போட்டு, குண்டை உட்காரவைத்து, வாயை இறுக்குவது. செயல்முறையை நான் சொல்லித் தரப்போவதில்லை. தோட்டா நிரப்புவதற்கான லைமன் கையேட்டை வாங்கிப் படியுங்கள், அது சொல்லும் தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள், மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். 9 மி.மீ.யில் காசு மிச்சமாகுமா என்றால், உங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் ஆகாது. 2020க்குப் பிறகு பிரைமரே கிடைக்காமல் அலைந்த காலமும் உண்டு. நான் செய்வது காசுக்காக இல்லை, 147 கிரெயின் குண்டோடு மென்மையான உதைப்புள்ள தோட்டா வேண்டும் என்பதற்காக. ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் இல்லை. குழல் வாய் வெடி அப்படியேதான் இருக்கும், ஆகவே காதுப் பாதுகாப்புக்கு இது மாற்று இல்லை.

நிரப்புகிறவர்கள் காதை இறுக அடைத்துக்கொள்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. பவுடர் விழாத தோட்டாவைச் சுட்டால் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ‘ஸ்க்விப்’ என்பார்கள். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். அதன் அடையாளம் ‘பொத்’ என்ற மந்தமான சத்தம். இரட்டை அடைப்பில், பக்கத்து லேனின் ஆரவாரத்தில் அது காதில் விழவே விழாது. அதனால் கையை நம்புங்கள். உதைப்பு குறைந்தாலோ ஸ்லைடு பின்வாங்காமல் நின்றாலோ அங்கேயே நிறுத்தி, மேகஸினை எடுத்து, தோட்டா அறையைக் காலி செய்து, குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பவுடரின் மட்டத்தைப் பார்ப்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை. நிரப்புகிறவர்களுக்கு இன்னொன்று: பிரைமரில் ஈயம் உண்டு. கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

என்னோடு ரேஞ்சுக்கு வருகிறவர்களுக்கு இப்போது ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஃபோம் பிளக் டப்பா காரிலேயே இருக்கிறது. பார்க்கிங்கில், கார் கதவு மூடியிருக்கும்போதே எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய்ப் படிவம் நிரப்பி, கூச்சலுக்கு நடுவே அவசரமாக உருட்டினால் அது உட்காராது. ரேஞ்ச் அதிகாரி சுடுவதை நிறுத்தச் சொல்லும் ‘சீஸ் ஃபயர்’ கேட்காமல் போய்விடுமே என்று ஒருவர் ஆட்சேபித்தார். பிளக்குக்கு மேல் எலெக்ட்ரானிக் மஃபைப் போட்டு அதன் ஒலியளவைக் கூட்டி வைத்தால் பேச்சு கேட்கும், வெடி வரும்போது அது தானே அடக்கிக்கொள்ளும். இந்த நிபந்தனைக்காக ஒருவர் கோபித்துக்கொண்டு தனியாகப் போகிறார். வற்புறுத்தியதற்கு நான் வருந்தவில்லை. பயிற்சியாளர் அன்று அந்தக் கூடையிலிருந்து மஃபை எடுத்தபோது, கண்ணாடியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லி இப்படி என்னை வற்புறுத்தியிருக்க வேண்டும்.